விலை உயர்ந்த மடக்குக்கத்தியைத் தினமும் பயன்படுத்தலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விலை போகிற ஒரு மடக்குக்கத்தி பீரோவில் துணிமணிக்கு நடுவே படுத்திருந்தது. அதன் சொந்தக்காரர் ஹாலில் உட்கார்ந்து கூரியர் பார்சலை ஸ்கூட்டர் சாவியால் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொந்தக்காரர் நான்தான். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கீறல் விழுந்துவிடுமோ, கூர் போய்விடுமோ என்று பயம்.

அப்புறம் ஒருநாள் துணிந்து எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தேன். இந்த ஏழெட்டு வருஷத்தில் என்னிடமிருந்த கத்திகளில் ஒன்று பறிபோனது, ஒன்றின் முனை ஒடிந்தது, ஒன்று சாணையில் பாழானது, ஒன்று பலாப்பாலில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் மடங்கவே மறுத்தது. கணக்குப் பார்த்தால் வெட்ட வேண்டியதை வெட்டியதால் கெட்ட கத்தி ஒன்றுகூட இல்லை. எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. எதை நினைத்தே பார்க்கவில்லையோ அதெல்லாம் நடந்தது. விலையான கத்தி வாங்குகிற பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பது

நான் பீரோவில் வைத்திருந்த கத்தியின் பெயர் செபென்சா. கிறிஸ் ரீவ் என்கிற தென்னாப்பிரிக்கர் வடிவமைத்தது. அவர் 1989-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து பாய்சி நகரில் பட்டறை போட்டார். கைப்பிடி இரண்டு டைட்டானியப் பலகைகள். அதில் ஒரு பலகையிலேயே நாக்குப்போல ஒரு பகுதியைக் கீறி உள்பக்கம் வளைத்திருப்பார்கள். கத்தியைத் திறந்ததும் அந்த நாக்கு அலகின் பின்புறத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பூட்டு என்று தனியாக ஒரு பாகம் கிடையாது, பிடியே பூட்டு. இன்று உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் செய்கிற ஃபிரேம் லாக் இந்த யோசனையிலிருந்து வந்ததுதான்.

செபென்சா என்றால் ஜூலு மொழியில் வேலை. வேலை என்றே பெயர் வைத்த கத்தியை ஒரு வருஷம் வேலைக்கு விடாமல் வைத்திருந்திருக்கிறேன்!

பட்டுப்புடவையை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு ஓரம் இற்றுப்போகும் என்று வீட்டில் அவ்வப்போது எடுத்து மாற்றி மடிப்பார்கள். கத்திக்கும் அதே கதை. முக்கியமாகத் தோல் உறைக்குள் போட்டு நாள்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்காற்று அடிக்கிற ஊரில் 'துருப்பிடிக்காத' எஃகிலும் புள்ளி புள்ளியாகக் கறை கிளம்பும். தினமும் கையில் புழங்குகிற கத்தியில் அந்தப் புள்ளி வந்த அன்றே கண்ணில் படும். பீரோவில் இருப்பதில் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பெட்டி, ரசீது, கம்பெனிக் கூர் மூன்றையும் அப்படியே வைத்திருந்தால் பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். விற்பதற்காகவே வாங்கினால் அது வியாபாரம், அதில் எனக்குக் கருத்து இல்லை. ஆனால் விற்கவும் மாட்டேன், வெட்டவும் மாட்டேன் என்றால் எதற்கு?

விலை கூடினால் நன்றாக வெட்டும் என்று எதிர்பார்ப்பது

பணம் கொடுத்த கை ஒத்துக்கொள்ளச் சிரமப்படும் விஷயம் இது. கிளிமூக்கு மாங்காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-லிருந்து செய்துவரும் ஒப்பினல் கத்தி, பீச் மரப் பிடி போட்டது, சில ஆயிரம் ரூபாய்தான். அதன் அலகு மெல்லியது. மாங்காயில் வைத்து இழுத்தால் சத்தமில்லாமல் இறங்கி, கண்ணாடி மாதிரித் துண்டு விழும். அதே மாங்காயில் என் விலையான கத்தியை இறக்கினால் பாதி வழியில் 'டக்' என்று காய் பிளக்கும். அலகின் முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அது வெட்டிக்கொண்டே ஆப்பு மாதிரி விரிக்கவும் செய்கிறது.

நன்றாக வெட்டுவதற்கு முதல் காரணம் அலகு எவ்வளவு மெல்லியது, வெட்டுவாய் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதுதான். எஃகு என்ன எஃகு என்பது, அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதைத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. கூடுதல் பணம் போகிற இடங்கள் வேறு: மூட்டு ஆடாமல் இருப்பது, பூட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் உட்கார்வது, கழற்றி மாட்டினாலும் அளவு பிசகாமல் இருப்பது, பல வருஷம் கழித்து அனுப்பினாலும் கம்பெனி பழுது பார்த்துத் தருவது. இதெல்லாம் உண்மையான மதிப்புதான். ஆனால் கொய்யா வெட்டும்போது இதில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. பிரபலமான விலை உயர்ந்த கத்திகளுக்கெல்லாம் போலி உண்டு. ஐந்நூறு டாலரை ஒட்டி விற்கிற கத்தி ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

கூர் போவதையும் கத்தி கெடுவதையும் ஒன்றாக நினைப்பது

பென்சில் மழுங்கினால் பென்சில் கெட்டுப்போனது என்று யாரும் சொல்வதில்லை. சீவிக்கொள்கிறோம். கத்தியும் அதேதான். ஒழுங்காகத் தீட்டினால் ஒரு முறைக்குப் போகிற எஃகு மயிரிழைகூடத் தேறாது. சமையலறைக் கத்தியைப் போலத் தினமும் நாலு மணி நேரம் வேலை வாங்கப்போவதில்லை. பாக்கெட் கத்தி ஒரு ஆயுள் முழுக்க வரும்.

ஆனாலும் ஒரு வேலையை நான் அதற்குக் கொடுப்பதில்லை: அட்டைப்பெட்டி. வருகிற பெட்டியைப் பிரித்து, மடித்து, பழைய பேப்பர்காரருக்குக் கட்டுவது என்று இறங்கினால், பத்தாவது பெட்டியில் எந்தக் கத்தியும் சோர்ந்துவிடும். அட்டை பார்க்கத்தான் மெத்தென்று இருக்கிறது, அதிலிருக்கும் தாதுத்தூள் வெட்டுவாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கத்தி பாழாகாது, நம் மாலைப்பொழுதுதான் தீட்டுவதிலேயே போகும். அதற்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற, ஒடித்து ஒடித்துத் தள்ளுகிற கட்டர் போதும். 1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் அதைக் கண்டுபிடித்தார். உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பும், கோடு போட்டு ஒடித்துத் தின்கிற சாக்லேட் பட்டையும் சேர்ந்து கொடுத்த யோசனை அது. அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் ஓல்ஃபா. ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் அலகு என்பதிலிருந்து வந்தது. நேர்மையாகச் சொன்னால், நம் ஊர் வீடுகளில் மடக்குக்கத்தி செய்கிற வேலையில் பாதியை இந்தக் கட்டர் அதைவிட நன்றாகச் செய்யும்.

நெம்புவதும் இரவல் கொடுப்பதும்

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம், எனக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தது. அலுவலகத்தில் ஒரு நண்பர், "ஒரு நிமிஷம் கத்தி கொடுங்க" என்றார். கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்டால் கஞ்சத்தனமாகத் தெரியுமே என்ற கூச்சம். அவர் போனது பெயின்ட் டப்பா மூடி திறக்க. திரும்பி வந்தபோது முனையில் அரிசி மணியளவு காணோம். அவர் மேல் தப்பே இல்லை. அவர் வீட்டில் கத்தி என்றால் அது டப்பாவும் திறக்கும், ஸ்க்ரூவும் முடுக்கும், ஸ்விட்ச்போர்டையும் நெம்பும்.

சுவிஸ் ராணுவக் கத்தியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கத்தியிலேயே டப்பா திறக்கத் தனி நாக்கு, ஸ்க்ரூ முடுக்கத் தனி நாக்கு வைத்திருப்பதைக் கவனியுங்கள். சிப்பாய் உணவு டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் வேண்டும் என்பதற்காகத்தான் 1890-களிலேயே அப்படிச் செய்தார்கள். கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, இன்றைய விக்டோரினாக்ஸ், அந்தக் கத்தியை 1891-ல் ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது. வெட்டுகிற அலகை நெம்புகோலாக்க வேண்டாம் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

விலையான கத்தியில் இந்த ஆபத்து அதிகம், குறைவல்ல. எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் அலகு 56-ஐ ஒட்டி இருக்கும். கொஞ்சம் நெம்பினால் வளைந்து கொடுக்கும். விலையான கத்திகளில் பல 60-ஐ ஒட்டி இருக்கும். கூர் நீண்ட நாள் நிற்பது அதனால்தான், பக்கவாட்டில் திருகினால் வளையாமல் பட்டென்று ஒடிவதும் பெரும்பாலும் அதனால்தான். தேங்காய் மூடியில் பத்தையைக் கெல்லி எடுக்கும்போதும் இதே திருகல்தான், ஜாக்கிரதை.

கத்தியைக் கையோடு கையாகக் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல் என்பார் என் அம்மா. அன்று சண்டை வரவில்லை. ஆனால் மறுநாள் என் டிராயரில் இரண்டாவதாக ஒரு சின்ன, மலிவான கத்தி குடியேறியது. யார் கேட்டாலும் அதுதான் போகும். "இதைத் தரமாட்டேன்" என்று சொல்லி முகம் முறிப்பதைவிட இது சுலபம்.

சாணைக்காரரிடம் நீட்டுவது

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றுகிற மாதிரிப் பட்டை மாட்டி, "சாணை பிடிக்கறதே" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாம் அவரிடம் கொடுத்தால் பிரமாதமாகப் பிடித்துத் தருவார். நானும் என்னுடைய இன்னொரு நல்ல கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். அது எஸ்30வி என்கிற எஃகு.

முதலில் லேசாக வைத்துப் பார்த்தார். பொறி பறந்தது, ஆனால் விளிம்பில் ஒன்றும் ஏறவில்லை. "சார், இது பிடிக்கவே மாட்டேங்குது, என்ன இரும்பு இது?" என்றவர், சக்கரத்தில் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஐந்து நிமிஷத்தில் விளிம்பு ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் ஆகி, முனை உருண்டு வந்தது. கையில் வாங்கியபோது அலகு சுட்டது. அன்றைக்குக் காகிதம் வெட்டியது. மூன்றாம் நாள் தக்காளித் தோலில் வழுக்கியது. திரும்பத் தீட்டினேன், மறுபடி மூன்று நாள்.

நடந்தது இரண்டு விஷயம். ஒன்று சூடு. எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிரவைத்து, அப்புறம் அளவான சூட்டில் மறுபடி வைத்துப் பதப்படுத்துவார்கள். கொல்லுப் பட்டறையில் தோய்ச்சல் என்று சொல்வது இந்த வித்தையின் ஒரு பகுதிதான். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால், காகிதம் மாதிரி மெல்லிய விளிம்பு கண் சிமிட்டும் நேரத்தில் அந்தப் பதத்தைத் தாண்டிச் சூடாகிவிடும். அந்த இடத்து எஃகு தளர்ந்துபோகும். நிறம் மாறிக் காட்டினால்தான் சூடு என்பதில்லை, மாறாமலும் நடக்கும். தளர்ந்த பகுதியைக் கல்லில் பொறுமையாகத் தேய்த்துத் தாண்டிப் போனால் உள்ளே நல்ல எஃகு இருக்கும். எனக்கு அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இரண்டாவது, அந்த எஃகின் குணம். எஸ்30வி 2001-ல் அமெரிக்காவின் குரூசிபிள் என்ற உருக்காலை மடக்குக்கத்திகளை மனதில் வைத்தே கொண்டுவந்தது. அதில் ஏறக்குறைய 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம், 1.45 சதவீதம் கார்பன். வனேடியமும் கார்பனும் சேர்ந்து மிக நுண்ணிய, மிகக் கடினமான துகள்களாக எஃகுக்குள் விரவிக் கிடக்கும். கான்கிரீட்டில் ஜல்லி கிடக்கிறதே, அதுபோல. சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிட இந்த ஜல்லி கடினம். கல் சுற்றியிருக்கும் காரையைத் தேய்க்கும், ஜல்லி அப்படியே நிற்கும். சாணைக்காரருக்குப் 'பிடிக்காமல்' போனதற்குக் காரணம் இதுதான், அவர் கைத்திறன் இல்லை.

இந்த வகை எஃகுக்கு வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும். 400, 1000 என்று இரண்டு சொரசொரப்பு நம்பர் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர், அழுத்தமே இல்லாத கை, ஒரு பக்கத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி. கோணம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெட்டுவாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்போரத்தில் மட்டும் போயிருந்தால் அலகை அதிகம் தூக்கிவிட்டீர்கள். மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் ரொம்பப் படுக்கவைத்துவிட்டீர்கள். சரிவு முழுக்க மை போனால் அதுதான் உங்கள் கோணம். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது அடி முதல் நுனி வரை வரும்வரை பக்கம் மாற்றாதீர்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி பத்துப் பதினைந்து முறை இழுத்தால் பிசிறு போய்விடும்.

விக்டோரினாக்ஸ், ஒப்பினல் மாதிரி எளிய எஃகுக்கு இத்தனை சாமான் தேவையே இல்லை. பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் இழுத்தாலே ஓரளவு கூர் ஏறிவிடும். விலை கூடக் கூடப் பராமரிப்பு குறையும் என்று நினைத்திருந்த எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பலாப்பழமும் மூட்டும்

ஊருக்குப் போயிருந்தபோது பண்ருட்டிப் பலா ஒன்று வந்தது. அரிவாளைத் தேடி யாரோ உள்ளே போனார்கள். அதற்குள் நான் கெத்தாகக் கத்தியை எடுத்து நடுவில் இறக்கினேன். வீட்டில் யாராக இருந்தாலும் முதலில் கையிலும் அரிவாளிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். எனக்கு அந்த நிதானம் இல்லை. பால் அலகில் வழிந்து மூட்டுக்குள் இறங்கியது. சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் கத்தி பாதி மடங்கிய நிலையில் சிலை மாதிரி நின்றது.

தண்ணீர் ஊற்றினால் பலாப்பால் போகாது. தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துச் சுற்றி வைத்து, மறுநாள் துடைத்து, மறுபடி நனைத்து, இரண்டாம் நாள் மாலைதான் அசைந்தது. மடக்குக்கத்தியில் எது வெட்டினாலும் மூட்டுக்குள் கொஞ்சம் போகும் என்பதை மறக்கக் கூடாது. பழச்சாறு, மீன் சுத்தம் செய்த உப்புநீர் எல்லாம் பட்டால் அன்றைக்கே குழாயில் காட்டி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரே ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் கூடினால் பாக்கெட்டில் இருக்கிற பஞ்சும் தூசியும் வந்து ஒட்டும். பூட்டு போய் உட்காருகிற இடத்தில் அந்தப் பஞ்சு அடைந்தால் பூட்டு அரைகுறையாக நிற்கும், விரலுக்கு ஆபத்து. வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஒப்பினலில் கார்பன் எஃகு வகையை வாங்கினால் முதல் எலுமிச்சையிலேயே அலகு கறுக்கும். அது கேடு இல்லை, தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டாம். செம்பழுப்பாகத் தூள் வந்தால்தான் துரு.

முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்யலாமா? கம்பெனியைப் பொறுத்தது. செபென்சாவோடு ஆலன் கீயே கொடுத்து, கழற்றிக்கொள் என்கிறார்கள். வேறு சில கம்பெனிகளில் கழற்றினால் வாரன்டி போச்சு. ஸ்க்ரூவில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். சக்தியைக் காட்டினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிப்போகும்.

எங்கே கொண்டுபோகிறோம் என்று யோசிக்காமல் கிளம்புவது

எனக்கு ஒரு கத்தி பறிபோனது விமான நிலையத்தில். லேப்டாப் பையின் முன் ஜிப்பில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எடுத்துக் காட்டினார்கள். பெட்டியை அனுப்பியாகிவிட்டது, வெளியே போய்க் கொடுத்துவிட்டு வர ஆள் இல்லை, விமானத்துக்கு முப்பது நிமிஷம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு நகவெட்டியும் ஒரு கத்தரிக்கோலும் கிடந்தன.

அலகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் மட்டும்தான். அமெரிக்காவில் 2013-ல் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கத்திகளைக் கைப்பையில் அனுமதிக்கப் பார்த்தார்கள். விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்ததும் அந்த ஜூனிலேயே கைவிட்டார்கள். மெட்ரோ ரயில், மால், கிரிக்கெட் மைதானம், நீதிமன்ற வளாகம், பெரிய கோவில் என்று பை சோதனை இருக்கிற எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். பயணம் கிளம்பும்போது பையின் எல்லா ஜிப்பையும் திறந்து தரையில் கவிழ்த்துவிடுவது ஒன்றே வழி. கண்ணால் பார்த்தால் போதாது, நானும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். நம் நாட்டின் 1959 ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. விதிகளில் கத்தி என்று வரும் இடத்தில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகிறது. பாக்கெட் கத்தி அதன் பக்கத்தில்கூட வராது. சரி, அப்படியானால் கவலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லியில் 1980-ல் வந்த ஓர் அறிவிக்கை, பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி வகைகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று அளவு வைத்திருக்கிறது. அதை வைத்து நிறைய வழக்குகள் நடந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கிற கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். தேர்தல், ஊர்வலம், தடையுத்தரவு நேரத்தில் எந்தக் கத்தியும் வேண்டாம்.

லண்டனிலோ டொரோன்டோவிலோ இருந்து படிப்பவர்களுக்கு விஷயம் இன்னும் கறார். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடியது 3 அங்குலத்துக்குள் வெட்டுவாய் உள்ள மடக்குக்கத்தி மட்டுமே, அதுவும் பூட்டு இல்லாதது. பூட்டு இருந்தால் அது மடக்குக்கத்திக் கணக்கிலேயே வராது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தக்க காரணம் இல்லாமல் பிடிபட்டால் நான்கு வருஷம் வரை சிறை. விலையான கத்தியின் பெருமையே அந்தப் பூட்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்! கனடாவில் பொத்தானாலோ, தானாகக் கீழே சரிந்தோ, மணிக்கட்டை உதறினாலோ திறக்கிற கத்திகள் தடை செய்யப்பட்டவை. மூட்டு வழுவழுப்பாக இருக்கிறதே என்று உதறித் திறந்து காட்டி மகிழ்கிற பழக்கம் அங்கே ஆகாது.

எந்த ஊரானாலும் ஒரு பதிலை மட்டும் சொல்லாதீர்கள்: "பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்." பழம் வெட்டுகிற சாமானை நம் வாயாலேயே ஆயுதமாக்குகிற பதில் அது. நிஜமாகவே பாதுகாப்புக்கு என்று நினைத்திருந்தால் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். பழகாத கையில் அது முதலில் வெட்டுவது சொந்த விரலை.

பாக்கெட் கிளிப்பை நம்புவது

1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடெர்கோ கம்பெனி மடக்குக்கத்தியில் கிளிப் வைத்தது. இன்று பெரும்பாலான விலையான கத்திகளில் அது இருக்கிறது. பேன்ட் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் எடுக்கச் சுலபம். ஆனால் டவுன் பஸ் நெரிசலில் அந்தக் கிளிப் எல்லோர் கண்ணிலும் படும், சிலருக்குப் பயமும் வரும். பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போதும், ஆட்டோ சீட்டில் சரிந்து உட்காரும்போதும் உரசி உரசி வெளியே வந்துவிடும். நான் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கைக்குட்டைக்கு அடியில் பாக்கெட்டின் ஆழத்தில் போட்டுக்கொள்கிறேன். வேட்டி கட்டுகிற நாளில் கத்தியே கிடையாது.

எவ்வளவு விலை வரை தினமும் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். நாற்பதாயிரத்தைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினோரு ரூபாய், ஒரு டீ விலை. கணக்கு சரிதான், பத்து வருஷமும் தொலையாமல் இருந்தால்! நான் வேறு மாதிரி பார்க்கிறேன். இன்றைக்கு அந்த விமான நிலைய டப்பாவுக்குள் போட வேண்டி வந்தால் எத்தனை நாள் தூக்கம் கெடும்? ஒரு நாள் என்றால் பாக்கெட்டில் வரலாம். ஒரு மாதம் என்றால் அது வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியே வர வேண்டாம். எனக்கு அந்த எல்லை மூவாயிரம் ரூபாய் சுற்றில் நிற்கிறது. அதனால் வெளியே போனால் விக்டோரினாக்ஸ். வீட்டில், மாடித் தோட்டத்தில், ஊருக்குக் காரில் போகும்போது செபென்சா. தக்காளிச் செடிக்குச் சணல் நறுக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்ட, கேபிள் டை அறுக்க, மாங்காய்க்கு மிளகாய்த்தூள் பாக்கெட்டைத் திறக்க. மாங்காயை மட்டும் ஒப்பினல்தான் வெட்டும்.

டைட்டானியப் பிடியில் இப்போது எண்ண முடியாத அளவுக்குக் கீறல். காலையில் சமையலறையிலிருந்து அம்மா குரல் வரும்: "அந்த நாற்பதாயிரத்தைக் கொஞ்சம் கொண்டு வா, பால் பாக்கெட் வெட்டணும்." கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார். மேடையில் வைக்கச் சொல்லி, அப்புறம்தான் எடுத்துக்கொள்வார்.